ஃப்ரெடி கிங்கின் ‘ஹைட் அவே’: கிதாரில் முழுமையாகக் கற்க ஒரு வழிகாட்டி

ப்ளூஸ் கிதார் கற்பவர்கள் பாடலே இல்லாத ஓர் இசையைக் கேட்கும்போது பெரும்பாலும் எட்டிப்பிடிக்கும் முதல் பெயர் ‘ஹைட் அவே’. 1960 ஆகஸ்ட் 26 அன்று சின்சினாட்டியில் ஃபெடரல் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஃப்ரெடி கிங் இதைப் பதிவு செய்தார். பியானோ வாசித்த சானி தாம்ப்சனுக்கும் இசையமைப்பில் பெயர் உண்டு. 1961-இல் இது அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 5-ஆம் இடத்தையும் பாப் பட்டியலில் 29-ஆம் இடத்தையும் தொட்டது. குரலே இல்லாத ஒரு ப்ளூஸ் இசைக்கு அது பெரிய விஷயம்.

சிகாகோவின் மேற்குப் பகுதியில் இருந்த மெல்ஸ் ஹைட் அவே லவுஞ்ச் என்ற மதுக்கூடத்தின் பெயர்தான் இதற்கு வந்தது. அங்கே கிதார் கலைஞர் ஹவுண்ட் டாக் டெய்லர் வாசித்துவந்த ஒரு மெட்டிலிருந்து இது கிளைத்தது. அதோடு ‘பீட்டர் கன்’ தொலைக்காட்சித் தொடரின் பேஸ் உருவும், ஜிம்மி மெக்ராக்ளின் பாடிய ‘தி வாக்’ பாட்டின் சாயலும் சேர்ந்தன. கற்பவருக்கு இந்த வரலாறு நேரடியாகப் பயன்படும். இது ஒரே மூச்சில் ஓடும் நீண்ட சோலோ அல்ல. 12 பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) கொண்ட துண்டுகள் பல, ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண்ணம், தனிக் கைவேலை. அதனால் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை வரிசையாக மனப்பாடம் செய்வது மிக மோசமான வழி. துண்டு துண்டாகக் கற்று, கடைசியில் மூட்டுகளைத் தைப்பதுதான் சரியான வழி.

ஈ7, ஏ7, பி7 கார்டுகளைத் தடுமாறாமல் மாற்றத் தெரிந்திருந்தால் போதும், தொடங்கலாம். தினம் அரை மணி நேரம் ஒதுக்குபவருக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் இரண்டு வாரத்தில் சுரங்கள் வந்துவிடும், தாளம் வராது.

கருவிகள்

அந்தக் காலத்தில் கிங் வாசித்தது பி-90 பிக்கப் பொருத்திய கிப்சன் லெஸ் பால் கோல்ட்டாப். உங்களிடம் அது இருக்க வேண்டியதில்லை. சிங்கிள் காயில் கிதார் என்றால் பிரிட்ஜ் பிக்கப்பில் டோன் குமிழை 6 அல்லது 7-க்குக் குறையுங்கள். ஹம்பக்கர் என்றால் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துவைத்து வால்யூமை 7-இல் நிறுத்துங்கள். கம்பிக்கு 10–46 தொகுதி போதும். 9-ஐவிட மெல்லியது வேண்டாம்: இதில் திறந்த கம்பிகள் நிறைய வருகின்றன, மெல்லிய கம்பியை வேகமாக அடித்தால் சுருதி மேலே எகிறும். அகௌஸ்டிக் கிதாரிலும் கற்கலாம். பென்ட் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) மட்டும் கடினமாக இருக்கும்.

ஆம்பில் டிஸ்டார்ஷன் வேண்டாம். மெதுவாக வாசித்தால் சுத்தமாகவும், அழுத்தி அடித்தால் லேசாகக் கரகரப்பாகவும் கேட்க வேண்டும். அந்த விளிம்பில் கெயினை நிறுத்துங்கள். கெயின் கூடிவிட்டால் மெல்லடிக்கும் வல்லடிக்கும் உள்ள வித்தியாசம் அழிந்துபோகும், அந்த வித்தியாசம்தான் இந்த இசையின் பாதி. ரிவர்ப் கொஞ்சம் போதும்.

கிங் கட்டைவிரலில் பிளாஸ்டிக் தம்ப் பிக்கும் ஆள்காட்டி விரலில் உலோக பிக்கும் மாட்டி வாசித்தவர். சிகாகோ ப்ளூஸ் கிதார் கலைஞர்கள் ஜிம்மி ரோஜர்ஸ், எடி டெய்லர் ஆகியோரைப் பார்த்துப் பழகிய முறை அது. சாதாரண தட்டை பிக்கிலும் இதை வாசிக்கலாம். 1966-இல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு எரிக் கிளாப்டன் வாசித்த பதிவு இங்கிலாந்துக் கிதார் கலைஞர்கள் பலருக்கு வழிகாட்டியது, அதையும் கேளுங்கள். ஆனால் முதலில் கிங்கின் பதிவு.

ஒரு மெட்ரோனோம் செயலியும், சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் ஒரு செயலியும் தேவை. பழைய பதிவுகளின் சுருதி வழக்கமான 440 ஹெர்ட்ஸிலிருந்து சற்று விலகியிருக்க வாய்ப்புண்டு. உங்கள் கிதார் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்றால் காதைச் சந்தேகிக்காமல் செயலியில் சுருதியைச் சரிசெய்யுங்கள்.

கீழே 3/1 என்றால் 3-ஆம் கம்பியின் 1-ஆம் ஃப்ரெட் என்று பொருள். 1 மெல்லிய கம்பி, 6 தடித்த கம்பி, 0 திறந்த கம்பி.

கிதாரைத் தொடும் முன்: வரைபடம்

ஒரு தாளில் ஒரு வரிக்கு 12 கட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு கோரஸ், அதாவது 12 பார் கொண்ட ஒரு முழுச் சுற்று. அடிப்படை அமைப்பு இது:

ஈ | ஈ | ஈ | ஈ
ஏ | ஏ | ஈ | ஈ
பி | ஏ | ஈ | பி

பதிவை ஓடவிட்டு, முதல் சுற்றில் டிரம்ஸையும் பேஸையும் மட்டும் கேளுங்கள். 2-ஆம் பாரில் பேஸ் ஏ-வுக்குப் போகிறதா, ஈ-யிலேயே நிற்கிறதா என்று ஒவ்வொரு கோரஸிலும் குறியுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கோரஸுக்கும் உங்கள் சொந்தப் பெயர் வையுங்கள்: ‘முதல் மெட்டு’, ‘நிறுத்தம்’, ‘கீழ்க்கம்பி’ என்பதுபோல. மூன்றாம் சுற்றில் கிதாரை வாயால் முனகுங்கள். முனக வராத இடங்களில் வட்டம் போடுங்கள். அவைதான் விரலிலும் வராது. பயிற்சி நேரத்தில் பாதி அங்கேதான் போகப்போகிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: மெட்டு 1-ஆம் பாரின் முதல் அடியில் பிறப்பதில்லை, அதற்கு முன்பே சில எடுப்புச் சுரங்கள் வருகின்றன. அவற்றை ஒரு தனி பாராக எண்ணினால் 12 பார் 13 ஆகும். எண்ணிக்கை தப்பும்போதெல்லாம் இந்த இடத்தை முதலில் சரிபாருங்கள்.

வேகத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். பதிவோடு காலைத் தட்டி 15 நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். அந்த எண்ணில் 60 விழுக்காட்டில் பயிற்சி தொடங்கும்.

ஷஃபிள்

இதைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம், இந்த இசை கெட்டுப்போவதும் இங்கேதான். ஷஃபிள் என்பது திஸ்ர நடை. ஒவ்வொரு பீட்டிலும் ‘தகிட’ சொல்லுங்கள். பிறகு ‘கி’யை மனத்துக்குள் வைத்துக்கொண்டு ‘த’வையும் ‘ட’வையும் மட்டும் வெளியே சொல்லுங்கள். காலால் ‘த’வைத் தட்டிக்கொண்டே ஐந்து நிமிடம் இதைச் சொல்லிவிட்டுக் கிதாரை எடுங்கள்.

இப்போது பூகி, அதாவது கீழ்க்கம்பிகளில் இரண்டிரண்டாக அடிக்கும் துணைத்தாளம். ஈ-க்கு 6/0-வும் 5/2-வும் சேர்த்து இரண்டு அடி (த, ட), பிறகு 6/0-வும் 5/4-உம் சேர்த்து இரண்டு அடி. இதையே ஒரு பாரில் இருமுறை. ஏ-வுக்கு 5/0-வோடு 4/2, 4/4. பி-க்கு 5/2-ஓடு 4/4, 4/6. பி-யில் ஆள்காட்டி விரல் 2-இல் இருக்க, சுண்டுவிரல் 6 வரை நீள வேண்டும். கட்டைவிரலைக் கழுத்தின் பின்புறம் நடுவுக்கு இறக்கினால் எட்டும். கழுத்துக்கு மேல் கட்டைவிரலை வளைத்துப் பிடித்தால் எவ்வளவு பழகினாலும் எட்டாது. வலி வந்தால் நிறுத்திவிட்டுத் திறந்த பி7 கார்டை வையுங்கள்.

வலது உள்ளங்கையின் ஓரம் கம்பிகள் பிரிட்ஜைத் தொடும் இடத்திலேயே படியட்டும். அரை அங்குலம் உள்ளே வந்தால் சுரம் செத்து வெறும் ‘டொக்’ ஆகிவிடும்.

மெட்ரோனோமை 2, 4-ஆம் அடிகளில் கேட்கப் பழகுங்கள். 80 வேகம் என்றால் 40-இல் வைத்து, ஒவ்வொரு ஒலியையும் ‘இரண்டு’, ‘நான்கு’ என்று எண்ணுங்கள். டிரம்மின் ஸ்னேர் விழும் இடம் அதுதான். முதலில் தலைசுற்றும், சில நாளில் பிடிபடும்.

இங்கே வரும் தவறுகள் மூன்று. ஒன்று, ‘ட’ முன்னால் வந்து இரண்டும் சம இடைவெளியாகிவிடுவது; களைப்பில் நடப்பது, ‘தகிட’வை வாயால் சொன்னால் சரியாகும். இரண்டு, ‘ட’ மிகவும் தள்ளிப்போய் அடுத்த ‘த’வோடு ஒட்டிக்கொள்வது, அப்போது ஷஃபிள் ராணுவ நடைபோல விறைத்துவிடும். மூன்று, 5-ஆம், 9-ஆம் பார்களில் வேகம் எகிறுவது. கார்ட் மாறப்போகிறது என்ற பதற்றத்தில் கை முந்துகிறது. 4-இலிருந்து 5, 8-இலிருந்து 9 என்ற இரண்டு பார்களை மட்டும் தனியே சுற்றுங்கள்.

நான்கு கோரஸ் நிற்காமல் ஓடினால் அடுத்த படிக்குப் போகலாம்.

வலது கை

கட்டைவிரல் கீழ்நோக்கி, ஆள்காட்டி மேல்நோக்கி. ஒவ்வொரு ‘த’வுக்கும் கட்டைவிரலால் 6/0, ஒவ்வொரு ‘ட’வுக்கும் ஆள்காட்டியால் 1/0. இரண்டு சத்தமும் சமமாகும்வரை இதையே செய்யுங்கள். பிறகு ஆள்காட்டியை 2, 3-ஆம் கம்பிகளுக்கு மாற்றுங்கள்.

ஆள்காட்டி கம்பியை வெறுமனே தடவுவதில்லை, கொக்கிபோல் இழுத்துச் சட்டென்று விடுகிறது. கிங்கின் மேல்சுரங்களில் உள்ள அந்த வெடிப்பு ஆம்பிலிருந்து வருவதாக நினைத்துக் குமிழைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். அது விரலிலிருந்து வருகிறது. உலோக பிக் மாட்டினால் அதன் நுனி விரல் சதையின் வளைவையொட்டி வளைந்திருக்க வேண்டும், சதைக்கு வெளியே கொஞ்சம்தான் நீட்டியிருக்க வேண்டும். நேராக நீட்டிக்கொண்டிருந்தால் கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

மேல்கம்பிகளில் வாசிக்கும்போது உள்ளங்கை ஓரம் 5, 6-ஆம் கம்பிகள் மேல் ஓய்வெடுக்கட்டும். இல்லையென்றால் அவை தாமாக அதிர்ந்து அடியில் முனகிக்கொண்டே இருக்கும்.

சுரங்கள் எங்கே இருக்கின்றன

எல்லாம் ஈ-யைச் சுற்றி. ஈ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு எளிதாகும். முதலில் மைனர் பென்டாடோனிக், திறந்த நிலையில்:

6/0, 6/3, 5/0, 5/2, 4/0, 4/2, 3/0, 3/2, 2/0, 2/3, 1/0, 1/3

இதை மட்டும் வைத்து வாசித்தால் சோகமான ப்ளூஸ் கிடைக்கும், ‘ஹைட் அவே’ கிடைக்காது. இதன் உற்சாகம் இரண்டு கூடுதல் சுரங்களில் இருக்கிறது. ஒன்று ஜி ஷார்ப், அதாவது அந்தர காந்தாரம்: 3/1, 1/4, 6/4. இன்னொன்று சி ஷார்ப், சதுஸ்ருதி தைவதம்: 2/2, 5/4. 3/0-வை அடித்து உடனே 3/1-ஐ விரலால் கொட்டுங்கள் (ஹேமர்-ஆன்). சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தரத்துக்கு ஏறும் அந்தச் சின்னத் தாவலில் மேஜரும் மைனரும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. திறந்த கம்பியிலிருந்து கொட்டும்போது விரல் ஃப்ரெட் கம்பியை ஒட்டி, செங்குத்தாக விழ வேண்டும். சாய்வாக விழுந்தால் இரண்டாவது சுரம் கேட்காது.

இனிக் கார்டுக்கேற்ற ஒழுங்கு. ஈ7-இல் ஜி ஷார்ப் தாராளமாக வரலாம். ஏ7 வந்ததும் ஜி ஷார்ப் உரசும். அங்கே இயல்பான ஜி-யும் (3/0, 1/3) சி ஷார்ப்பும் (2/2) நிற்கட்டும், இரண்டும் ஏ7-இன் சொந்தச் சுரங்கள். பி7-இல் டி ஷார்ப் (4/1, 2/4), எஃப் ஷார்ப் (1/2, 4/4), ஏ (3/2). எல்லாக் கார்டிலும் ஒரே சொற்றொடரை மாற்றாமல் ஒட்டவைப்பவர்களுக்கு 5-ஆம் பாரில் ஏதோ இடிப்பதன் காரணம் பெரும்பாலும் அந்த ஜி ஷார்ப்தான்.

பென்ட் பெரிதாக வேண்டாம். 1/3-ஐப் பிடித்துக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளுங்கள். ஜி-யும் ஆகக்கூடாது, ஜி ஷார்ப்பும் ஆகக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, ப்ளூஸின் காந்தாரம் அங்கேதான். முதலில் 1/4-ஐ அடித்துக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு 1/3-ஐ அதைத் தொடாத அளவு தள்ளிப் பழகுங்கள்.

திறந்த நிலையில் உள்ள எல்லாமும் 12 ஃப்ரெட் மேலே அப்படியே திரும்பக் கிடைக்கும் (0 என்பது 12, 3 என்பது 15). மேலே போகும்போது திறந்த கம்பிக்குப் பதில் ஆள்காட்டி விரல் அழுத்த வேண்டியிருக்கும். விரல் அமைப்பு மாறும் என்பதால் அதைத் தனியே பழகுங்கள்.

முதல் மெட்டு

இணையத்தில் டேப் (கம்பி, ஃப்ரெட் எண்களால் எழுதிய குறிப்பு) கிடைக்கும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதைக் கடைசியில் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். காதால் எடுத்த மெட்டு கையைவிட்டுப் போகாது, ஷஃபிளோடும் சேர்ந்தே வரும். டேப்பிலிருந்து எடுத்தால் சுரம் மட்டும் வரும்.

இரண்டு இரண்டு பாராகச் சுற்றவிடுங்கள் (லூப்). ஒவ்வொன்றிலும் முதலில் கடைசிச் சுரத்தைத் தேடுங்கள், ஏனென்றால் காதில் தங்குவது அதுதான். பிறகு தொடக்கச் சுரம். அதன்பின் இடையை நிரப்புங்கள். முனகிய சொற்றொடரை மேலே சொன்ன சுரங்களுக்குள்ளேயே தேடினால் தேடும் பரப்பு குறுகும். இடது கையில் 1-ஆம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி, 2-க்கு நடுவிரல், 3-க்கு மோதிர விரல் என்று நிலையாக வையுங்கள். வாசிக்கும்போது உள்ளங்கை நகரக்கூடாது.

திறந்த 1-ஆம் கம்பியிலிருந்து 2-ஆம் கம்பிக்கு இறங்கும்போது முதல் சுரம் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தால் மெட்டு கார்ட்போலக் குழம்பும். 2-ஆம் கம்பியை அழுத்தும் விரலைச் சற்றுப் படுக்கவைத்து, அதன் அடிப்பக்கத்தால் 1-ஆம் கம்பியைத் தொட்டு அணையுங்கள். அசல் பதிவு அவ்வளவு துல்லியமாகக் கேட்பதற்கு ஒவ்வொரு சுரமும் சரியான இடத்தில் நிற்பதும் ஒரு காரணம்.

நிறுத்தங்களும் கார்ட் நழுவலும்

குழு முதல் அடியை அடித்துவிட்டு அமைதியாகும். கிதார் மட்டும் தனியே பேசும். ஸ்டாப்-டைம் என்று இதற்குப் பெயர். இங்கே எல்லோரும் செய்யும் பிழை, அமைதியைக் கண்டு அவசரப்படுவது. தாங்கிப் பிடிக்க டிரம்ஸ் இல்லாததால் உங்கள் கால்தான் டிரம்ஸ். பயிற்சி: ஒவ்வொரு பாரிலும் முதல் அடியில் ஈ7-ஐ ஒரே வெட்டாக அடித்து உடனே அணைத்து, மீதி மூன்று அடிக்கு எதுவும் வாசிக்காமல் காலை மட்டும் தட்டுங்கள். நான்கு பார். வெறும் மௌனத்தை ஒழுங்காகக் கடந்த பிறகு அதில் சுரங்களை வையுங்கள்.

இந்த இசைக்கு 9-ஆம் கார்ட் வடிவம் கையில் இருக்க வேண்டும். ஈ9: 5/7 நடுவிரல், 4/6 ஆள்காட்டி, 3/7, 2/7, 1/7 மூன்றையும் மோதிர விரல் படுத்துப் பிடிக்கும். இதே வடிவம் ஐந்து ஃப்ரெட் மேலே ஏறினால் ஏ9 (5/12-இல் தொடங்கும்), கீழே 5/2-இல் பி9. மேல் மூன்று கம்பிகளை மட்டும் 9-ஆம் ஃப்ரெட்டில் அடித்து 7-க்கு வழுக்குங்கள்: ஈ6-இன் ஒலி ஈ9-ஆகக் கரையும். வழுக்கும்போது அழுத்தம் குறைந்தால் நடுவில் ஒலி அறுந்துவிடும், கூடினால் கை சிக்கிக்கொள்ளும். கம்பி ஃப்ரெட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும் குறைந்தபட்ச அழுத்தம் போதும்.

இன்னொரு வடிவம், டிமினிஷ்டு: 4/6, 3/7, 2/6, 1/7. இதில் ஈ இல்லை, ஆனால் பேஸ் ஈ-யை வாசிக்கும்போது இது பதற்றம் கூடிய ஈ7-ஆக ஒலிக்கும். 4-ஆம் பாரில் வைத்துப் பாருங்கள், 5-ஆம் பாரின் ஏ-வுக்குத் தள்ளிவிடும்.

கீழ்க்கம்பிப் பகுதி

‘பீட்டர் கன்’ சாயல் வரும் இடம். திறந்த 6-ஆம் கம்பிக்குத் திரும்பத் திரும்ப வந்து, 5-ஆம் ஃப்ரெட்டுக்குள் சுற்றும். 2-க்கு ஆள்காட்டி, 3-க்கு நடுவிரல், 4-க்கு மோதிர விரல், 5-க்குச் சுண்டுவிரல். இப்படி வைத்தால் கை நகரவே வேண்டாம். எல்லாம் கட்டைவிரல் அடி, பிரிட்ஜ் ஓரத்தில் உள்ளங்கையால் ஒலியை அடக்கும் மியூட்டோடு.

தொலைக்காட்சித் தொடரின் இசை சம எட்டுகளில் போவது; அது மனத்தில் பதிந்தவர்கள் இங்கே டிரம்ஸைக் கேட்காமல் வாசித்துத் தடம்புரள்கிறார்கள். பழக்கம் இது: இரண்டு பார் சம எட்டு (‘தகதிமி’ பிடித்து), இரண்டு பார் ஷஃபிள் (‘தகிட’), பீட் மாறாமல் மாறி மாறி. இது வந்துவிட்டால் எந்தக் குழுவின் டிரம்ஸ் எப்படிப் போனாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

மூட்டுகளும் வேகமும்

துண்டுகள் எல்லாம் தனித்தனியே வந்த பிறகும் முழுதாக வாசிக்கும்போது கோரஸின் எல்லையில் கை தடுமாறும். துண்டுகளை 1-ஆம் பாரிலிருந்தே தொடங்கிப் பழகியதன் விளைவு அது. ஆகவே ஒவ்வொரு கோரஸின் 11, 12-ஆம் பார்களையும் அடுத்ததன் 1, 2-ஆம் பார்களையும் சேர்த்து நான்கு பாராகச் சுற்றுங்கள்.

அசலின் முடிப்பு வரும்வரை 11-ஆம் பாருக்கு ஒரு பொதுவான டர்ன்அரவுண்ட் (அடுத்த கோரஸுக்குத் திருப்பிவிடும் முடிப்பு): 3-ஆம், 1-ஆம் கம்பிகளை ஒன்றாகப் பிடித்து 3/4-உம் 1/4-உம், பிறகு 3/3-உம் 1/3-உம், பிறகு 3/2-உம் 1/2-உம், கடைசியில் 3/1-உம் 1/0-வும். நடுவில் உள்ள 2-ஆம் கம்பியை அணைத்துவையுங்கள். 12-ஆம் பாரில் பி7.

60 விழுக்காட்டில் முழுதும் மூன்று முறை பிழையில்லாமல் வந்தால் 5 கூட்டுங்கள். இரண்டு முறை தவறினால் 10 குறையுங்கள். அசல் வேகத்தை அடைந்தபின் அதைவிட 5 கூடுதலாகவும் சில நாள் வாசியுங்கள். மேடையில் டிரம்ஸ் எப்போதும் கொஞ்சம் ஓடும். வாரம் ஒருமுறை கைபேசியில் பதிவு செய்து, கிதாரைக் கீழே வைத்துவிட்டுக் காலைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். சுரப் பிழையைத் தேட வேண்டாம். உங்கள் கால் எங்கே சந்தேகப்படுகிறதோ அந்த பாரைக் குறியுங்கள்.

குழுவோடு வாசிக்கும் முன் மூன்று விஷயங்களைப் பேசிவிடுங்கள்: எத்தனை கோரஸ், எந்தக் கோரஸில் நிறுத்தம், எப்படி முடிப்பது. நிறுத்தத்துக்கு முந்தைய 12-ஆம் பாரில் தலையசைத்தோ கிதாரின் கழுத்தைத் தூக்கியோ டிரம்ஸ்காரருக்குச் சைகை காட்டுங்கள். 1-ஆம் பாரில் காட்டினால் தாமதம். முடிவுக்குக் கடைசிக் கோரஸில் மீண்டும் முதல் மெட்டு. 11-ஆம் பாரில் எல்லோரும் ஒன்றாக இறங்கி, 12-ஆம் பாரில் ஒரு ஃப்ரெட் மேலிருந்து எஃப்9, உடனே ஈ9. அந்தக் கடைசிக் கார்டை ஒலிக்கவிடுவதா வெட்டுவதா என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். வெட்டுவதென்றால் இரண்டு கையாலும் கம்பிகளை அணையுங்கள். இடது கையை மட்டும் தளர்த்தினால் திறந்த கம்பிகள் பின்னால் ஒலித்துக்கொண்டிருக்கும்.